பழைய டீசல் கார் வாங்கும் முன் ஓட்டத்தைக் கணக்குப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வேகமான டீசல் கார்களை செகண்ட் ஹேண்டில் வாங்குவது பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள். போலோ ஜிடி, வெர்னா, ஆக்டேவியா, குரூஸ் என்று பெயர் போட்டு, புதுசாக வந்தபோது என்ன விலை, இன்று என்ன விலை என்று பட்டியலும் கொடுத்திருந்தீர்கள். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு பண்ண உதவுகிற விஷயம் அதில் ஒரு வரிகூட இல்லை. அதைப் படித்துவிட்டு என் அக்கா மகன் உட்பட இந்தப் பக்கத்துப் பையன்கள் பலர் கிளம்பிவிட்டார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பாபநாசத்தில், எஞ்சினுக்கு டீசலை அனுப்புகிற பம்ப், அதை உள்ளே தெளிக்கிற நாசில் இரண்டுக்கும் வேலை பார்க்கிற பட்டறை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் டிராக்டர், அறுவடை மெஷின், தண்ணீர் இறைக்கிற எஞ்சின்தான் வரும், இப்போது கார்களும் நிறைய வருகின்றன. எனக்கு இந்த வண்டிகள் மேல் வெறுப்பு கிடையாது, பிடித்த வண்டிகள் இவை. 2013-ல் வந்த போலோ ஜிடி டிடிஐ-யில் 1.6 லிட்டர் எஞ்சின், 105 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் இழுவை. எஞ்சின் நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போதே அந்த இழுவை முழுசாக வந்துவிடும், அவ்வளவு சின்ன வண்டிக்கு அது ரொம்பப் பெரிசு. ஃப்ளூயிடிக் வெர்னா 1.6 டீசலில் 128 குதிரைத்திறன். மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டும். ஒரு முறை ஓட்டியவன் மறக்க மாட்டான், பையன்கள் ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தினமும் எவ்வளவு ஓட்டம் என்பது. ஒரு காலத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலையில் பெரிய இடைவெளி இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள், அந்தப் பெரிய இடைவெளி இப்போது இல்லை. மைலேஜில் மிச்சம் இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது. ஆனால் அந்த மிச்சம் ஓடுகிற வண்டிக்குத்தான். தஞ்சாவூரிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை மதுரை, சென்னை என்று போய்வருகிற நெல் வியாபாரி ஒருவர் என்னிடம் கேட்டபோது யோசிக்காமல் வாங்குங்கள் என்றேன். என் அக்கா மகனுக்குக் கும்பகோணத்தில் வேலை. வீட்டிலிருந்து கிளம்பி எஞ்சின் சரியாகச் சூடேறி, வழியில் ஆற்றுத் தண்ணீரைத் தேக்கித் திறக்கிற ரெகுலேட்டர் இரண்டைத் தாண்டுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். அவனிடம் வேண்டாம் என்றேன்.

குட்டி ஓட்டம் டீசல் எஞ்சினுக்கு ஆகாது. சூடேறாமலே ஓடினால், புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற இஜிஆர் வால்வில் கரி படியும், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற டர்போவுக்குள் இருக்கிற சின்னத் தகடுகள் கரியில் சிக்கி நகராமல் நிற்கும், அப்புறம் பிக்கப் போய்விட்டது என்று வண்டி என்னிடம் வரும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் என்றால் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் வேறு இருக்கிறது. அதில் சேர்கிற கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்குக் கொஞ்ச நேரம் தொடர்ந்து வேகமாக ஓட வேண்டும். எரிகிறபோது அங்கே 600 டிகிரி வரை சூடு போகும். நம் ஊரில் உளுந்துச் செடி, எள்ளுச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிப் போட்டு வண்டி ஏறட்டும் என்று விடுகிறார்கள். தாழ்வான கார் அதன் மேல் போனால் அடியில் காய்ந்த சருகு சுற்றிக்கொள்ளும், அந்தச் சூட்டில் அது தீப்பிடிக்கலாம். தை, மாசியில் வைக்கோல் கதையும் அதுதான். இறங்கிக் குனிந்து பார்த்து உருவிப் போடுகிற பழக்கம் இல்லாதவன் இந்த ஊரில் இந்த வண்டி வைத்திருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது டீசல். இதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய டிராக்டர் நாசில் சுமார் இருநூறு பார் அழுத்தத்தில் திறக்கும், கொஞ்சம் அழுக்கு வந்தாலும் கழுவி, ஷிம் என்கிற மெல்லிய தகட்டை மாற்றி ஓட்டிவிடலாம். இந்தக் கார்களில் இருப்பது காமன் ரெயில், அதாவது எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தி வைத்து, இன்ஜெக்டர் என்கிற நாசில் வழியாகத் தெளிக்கிற முறை. 1,600 பார் அளவுக்கு அழுத்தம், அதைத் திறந்து மூடுகிற ஊசியின் இடைவெளி கண்ணுக்கே தெரியாது. நம் வீடுகளில் டிராக்டருக்கென்று பேரலில் டீசல் பிடித்து வைப்பார்கள். ஐப்பசி மழையில் பேரலின் உள்பக்கம் வேர்த்து அடியில் தண்ணீர் நிற்கும். அவசரத்துக்கு அதிலிருந்து ஒரு கேன் காரில் ஊற்றிக்கொண்டு கிளம்பினால் போதும், இன்ஜெக்டர் துருப்பிடித்து நின்றுவிடும். ஒரு இன்ஜெக்டர் புதுசாகப் போட ஐந்து இலக்கத்தில் பணம் வேண்டும், நான்கு சிலிண்டருக்கு நான்கு. பழைய டீசல் காரை விலை பேசுகிறவன் இந்த எண்ணை மனசில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

பார்க்கப் போகிறவர்கள் காலையில் போங்கள், வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் முன்னாலேயே போங்கள். முதலில் பானட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த எஞ்சினில்தான் கோளாறு பேசும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி மேலே லேசாக வையுங்கள். கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை, புகையோடு மூடியைத் தள்ளி விழ வைத்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சின், திரும்பி வந்துவிடுங்கள். மீட்டரில் இருக்கிற கிலோமீட்டரை நம்ப வேண்டாம், குறைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் தோலும் உண்மையைச் சொல்லும், சர்வீஸ் பில் அதைவிட நன்றாகச் சொல்லும்.

வால்வும் பிஸ்டனும் ஒத்து ஓடுவதற்கு போலோ, ரேபிட், வென்டோ டீசல்களில் டைமிங் பெல்ட் இருக்கிறது, ஃப்ளூயிடிக் வெர்னாவில் செயின். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் இடித்துக்கொண்டு எஞ்சின் ஹெட்டே போய்விடும். கிலோமீட்டர் வரவில்லையே என்று விடக் கூடாது, நின்றுகொண்டிருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். மாற்றியதற்கு பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட், அது ஓடுகிற ஐட்லர் உருளை, வாட்டர் பம்ப் மூன்றுக்கும் சேர்த்து விலையில் குறையுங்கள். 2015 டிசம்பரில், சோதனையில் புகையைக் குறைத்துக் காட்டிய மோசடி விவகாரத்தில் ஃபோக்ஸ்வேகன் குழுமம் இந்தியாவில் சுமார் 3.2 லட்சம் டீசல் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்தக் காலத்து வண்டி என்றால் அந்த வேலை நடந்திருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பர் கொடுத்துக் கேளுங்கள்.

ரீமேப் பண்ணிய வண்டி, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரில் கம்பெனி வைத்த கணக்கை மாற்றிய வண்டி என்று பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். குதிரைத்திறன் கூட்டியிருக்கிறது என்பார்கள், கிளட்சும் டர்போவும் எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். கம்பெனி கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. நாளைக்கு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது அதைத்தான். அப்படிப்பட்ட வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

வெளியூர் வண்டி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னையில் தண்ணீரில் மூழ்கி எழுந்த கார்கள் எல்லா ஊருக்கும் போயின, டெல்டாவுக்கும் வந்தன. ஒன்று என் பட்டறைக்கு வந்தது. மேலே பாலிஷ் போட்டு, புது மேட் போட்டு, வாசனை எல்லாம் அடித்து, பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. பின்சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். முக்கால் பங்கு கறுப்பு, கடைசி ஒரு முழம் மட்டும் சாம்பல் நிறத்தில் விறைத்துப்போய், நகத்தால் சுரண்டினால் சேறு பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஸ்டெப்னிக்குக் கீழேயும் அதே மண். இந்த வண்டிகளில் எல்லாமே ஒயரும் கம்ப்யூட்டரும்தான், ஒரு தடவை தண்ணீர் உள்ளே போனால் வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகப் படுத்தும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டி என்றால் அடிப்பாகத்தில் உப்புத் துரு பாருங்கள்.

டெல்லி வண்டி மலிவாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. தலைநகர்ப் பகுதியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதனால் அங்கே விலை விழுந்தது. அங்கிருந்து என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, புது நம்பர் வாங்குகிற செலவையும் அலைச்சலையும் சேர்த்தால் மலிவு பாதி கரைந்துவிடும். என்னைக் கேட்டால் டிஎன் 49 (தஞ்சாவூர்), 68 (கும்பகோணம்), 50 (திருவாரூர்) என்று நம் பக்கத்து நம்பர் வண்டியாக, முதல் ஓனரிடம், அவர் வீட்டு வாசலிலேயே பார்த்து வாங்குவதுதான் நல்லது.

பெயர் மாற்றம் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒன்றும் இல்லை. 29, 30 படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுவது இங்கே சர்வ சாதாரணம். விபத்து நடந்தால் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. விற்கிறவரும் இதைத் தெரிந்துகொள்ளட்டும். கடன் முடிந்த வண்டி என்றால் வங்கியின் பெயரை ஆர்சியிலிருந்து எடுத்தாகிவிட்டதா என்றும் பாருங்கள்.

வேண்டாம் என்று நான் சொன்னதும் அக்கா மகன் கேட்டான்: "மாமா, கணக்குப் பாத்து வாங்கறதுக்கு இது என்ன நெல்லு மூட்டையா? எனக்கு அந்த வண்டி ஓட்டணும்னு ஆசை." ஆசைக்கு வாங்குவதும் வாங்குவதுதான், அதை நான் குறைவாக நினைக்கவில்லை. பெட்ரோல் வண்டியில் அந்த இழுவை அந்த விலைக்குக் கிடைக்காது. ஃபோக்ஸ்வேகனும் ஸ்கோடாவும் பிஎஸ்6 வந்தபோது சின்ன டீசலை விட்டுவிட்டன, இனி புதுசும் வராது. ஆனால் ஆசைக்கு வாங்குகிறவன் கையிருப்பு முழுவதையும் வண்டியில் போடக் கூடாது. "வண்டி விலை போக ஒரு லட்சம் தனியாக எடுத்து வை மாப்பிள்ளை, அது இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் பொறு" என்றேன். பெல்ட், டயர் நான்கு, சஸ்பென்ஷன் புஷ், கிளட்ச் என்று முதல் வருஷத்திலேயே அது செலவாகிவிடும். கிளட்சோடு, அது ஒட்டிச் சுழல்கிற டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்கிற கனச் சக்கரமும் போயிருந்தால் அதுவே தனிச் செலவு. ஓட்டமும் இல்லை, அந்தப் பணமும் இல்லை என்றால் இந்த வண்டி வேண்டவே வேண்டாம், நல்ல பெட்ரோல் வண்டி ஒன்றைப் பாருங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகையைப் பார்த்து இங்கே ஜனங்கள் பணம் போடுகிறார்கள். அடுத்த முறை இப்படி எழுதும்போது வண்டியின் விலைக்குப் பக்கத்திலேயே அந்த மாடலுக்கு டைமிங் பெல்ட் செட் எவ்வளவு, கிளட்ச் செட் எவ்வளவு, ஒரு இன்ஜெக்டர் எவ்வளவு என்று மூன்று எண்களையும் போடுங்கள். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில், வண்டிக் கம்ப்யூட்டரில் கோளாறைப் படிக்கிற ஸ்கேனர் வைத்து இந்த வண்டிகளுக்கு வேலை செய்கிற பட்டறை எந்த ஊரில் இருக்கிறது, எதற்கெல்லாம் திருச்சிக்கே வண்டியை எடுத்துப்போக வேண்டும் என்பதையும் விசாரித்துப் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
டீசல் பம்ப் மெக்கானிக் ஒருவர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.