மலேசியா பத்தாங் பெர்ஜுந்தை ஜனங்களுக்கும் அந்த மாட்டுப் பண்ணை அம்மா ஐயாவுக்கும்

எல்லாருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவுலேர்ந்து ஊருக்குத் திரும்பி பத்து நாள் ஆச்சு, வீடு வீடா வந்து நன்றி சொல்லணும்னுதான் இருந்தேன், நைட் ஷிப்ட்டு விடல, அதான் இங்க எழுதுறேன்.

மொதல்ல நம்ம கிளினிக் மிஸ்ஸிக்கு, அதான் நம்ம நர்ஸம்மாவுக்கு. எங்கம்மாவுக்கு 71 வயசு, இன்சுலின் ஊசி, என் மக மெல்பர்ன்ல பட்டம் வாங்குறதுக்கு இவங்கள எப்படி கூட்டிட்டுப் போறதுன்னு நான் முழிச்சிக்கிட்டு நின்னப்ப, நீங்கதான் உக்கார வச்சி பேசுனீங்க. இன்சுலின பெட்டியில போட்டு கீழ அனுப்பாதீங்க, கைப்பையிலயே வைங்க, உறைஞ்சா மருந்து கெட்டுடும்னு சொன்னீங்க. அப்புறம் ஒரு அட்டையில மருந்து பேரு, அளவு, சீனி கொறஞ்சா என்ன செய்யணும்னு எல்லாத்தையும் இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தீங்க. அந்த அட்டை என்ன வேல பாத்துச்சின்னு கேளுங்க.

பட்டமளிப்பு முடிஞ்சதும் மக கிரேட் ஓஷன் ரோடு போகலாம், பாட்டிக்கு கடல் காட்டலாம்னா. அம்மாவுக்குத் தெரிஞ்ச கடல் ஜெராமும் மோரிப்பும்தான். இது 243 கிலோமீட்டர் சடக்கு, ரொம்ப தூரம் கடலையே ஒட்டிக்கிட்டுப் போகுது, ஒரு பக்கம் மல, ஒரு பக்கம் அலை. அங்கயும் நம்ம மாதிரி இடது பக்கந்தான் ஓட்டணும், அதனால வீட்டுக்காரரு பயப்படாம காடிய எடுத்தாரு. லோர்ன்ங்கற ஊருக்கு முன்னாடி மரத்தால செஞ்ச ஒரு பெரிய வளைவு, பக்கத்துல சடக்கு போட்டவங்களுக்கு ஒரு சிலை. மொத உலகப் போர்லேர்ந்து திரும்பி வந்த சிப்பாய்ங்க ஏறக்கொறைய 3,000 பேரு, 1919லேர்ந்து 1932 வரைக்கும் கடப்பாரையும் மம்பட்டியும் வச்சி மலைய வெட்டுனாங்களாம், செத்துப்போன கூட்டாளிங்க ஞாபகமா. மக இத சொன்னதும் அம்மா காடிய விட்டு எறங்கி அந்தச் சிலையோட கைய ரொம்ப நேரம் தடவிக்கிட்டே நின்னாங்க. "வேல செஞ்ச கைய்யி"ன்னாங்க, வேற ஒன்னும் சொல்லல.

லேவர்ஸ் ஹில் தாண்டி காட்டுச் சடக்குல டயர் போச்சு. ஜூலை மாசம் அங்க குளிர்காலம், அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும், போன்ல ஒரு கோடு கூட லைன் இல்ல, இருட்டுனா கங்காரு குறுக்க வரும்னு வேற சொல்லியிருந்தாங்க. வாடகைக் காடியில இருந்த ஸ்பேர் டயர்லயும் காத்தில்ல. அம்மா மத்தியானம் சரியா சாப்பிடல, ஒடம்பு வேர்த்து கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. நான் மாரியாத்தா மாரியாத்தான்னு சொல்லிக்கிட்டே பையில மிட்டாய் தேடுறேன், கை ஓடல.

அப்பதான் பின்னால லோரி மாதிரி ஒரு காடியில அவங்க ரெண்டு பேரும் வந்தாங்க. எழுபது வயசுக்கு மேல இருக்கும், மாட்டுப் பண்ணை வச்சிருக்கவங்க. அந்தம்மா அட்டைய வாங்கி டார்ச் வெளிச்சத்துல படிச்சிட்டு, எங்க சீனி பாக்குற மெஷின்லயே வெரல்ல குத்தி பாத்தாங்க, 3.1தான் இருந்துச்சு. நாலுக்குக் கீழன்னா உடனே இனிப்பு குடுக்கணும்னு மிஸ்ஸி எழுதியிருந்தத அப்படியே செஞ்சாங்க, ஆப்பிள் ஜூஸ் குடுத்து, பதினஞ்சு நிமிஷம் கழிச்சி மறுபடி குத்திப் பாத்து, அம்மா மொகம் தெளிஞ்சப்புறம்தான் எழுந்தாங்க. பேரு ஊரு கூட கேக்காம ராத்திரி அவங்க வீட்டுலயே தங்க வச்சாங்க.

காலையில நாலரைக்கு நான் எழுந்து பாத்தா அம்மா படுக்கையில இல்ல. மாட்டுக் கொட்டாயில அந்தம்மா பக்கத்துல நிக்கிறாங்க, மிஷின் பால் கறக்குது, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷை கிடையாது. அம்மா கைய்ய காட்டி, மரத்த சுத்தி கத்தி போடுற மாதிரி செஞ்சி, பால் வடியுறத வெரலாலயே காட்டுறாங்க, நான் போய் இங்கிலீஷ்ல சொன்னேன், இவங்க முப்பது வருஷம் விடியக்காலம் பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல பேரு கூப்பிடுற எடத்துக்குப் போய், கித்தா (ரப்பர்) மரத்துல பால் எடுத்தவங்கன்னு. அந்தம்மா ரெண்டு கையாலயும் எங்கம்மா கைய்ய புடிச்சிக்கிட்டாங்க. எங்க தோட்டத்துல யாரும் அந்தக் கைய்ய அப்படி புடிச்சி நான் பாத்ததில்ல. இத எழுதுறப்பவும் எனக்கு அழுக வருது.

ஐயா காலையிலயே டவுனுக்குப் போய் டயர் வாங்கியாந்து மாட்டிக் குடுத்தாரு, டயர் காச மட்டுந்தான் வாங்கிக்கிட்டாரு. அப்புறம் கடலுக்குள்ள நிக்கிற பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைங்கள பாத்தோம், சுண்ணாம்புப் பாறையாம், 2005ல அதுல ஒன்னு சரிஞ்சி விழுந்துடுச்சாம், அம்மா கைப்பிடிய புடிச்சிக்கிட்டு நின்னுட்டாங்க, வரவே மனசில்ல.

கோழிக்குத் தீனி போட்ட எதிர்வீட்டு அக்கா, ராத்திரி ரெண்டு மணிக்கு வேன் எடுத்துட்டு கேஎல்ஐஏ ஏர்போர்ட்டுக்கு வந்த மாமா, நாலு ஸ்வெட்டர் குடுத்தனுப்புன டெய்லர் அக்கா, உங்களாலதான் நிம்மதியா போய்ட்டு வந்தோம். ஸ்வெட்டர் எல்லாம் தொவச்சி மடிச்சி வச்சிருக்கேன் அக்கா.

பண்ணை அம்மாவுக்கும் ஐயாவுக்கும் மக இத இங்கிலீஷ்ல எழுதி அனுப்புறா. நீங்க எல்லாரும் ஞாயித்துக்கெழம காலையில பசியாற வீட்டுக்கு வந்துடுங்க, மிஸ்ஸி கட்டாயம் வரணும், தோசையும் சம்பலும் அம்மாதான் செய்றாங்களாம், என்னைய அடுப்புப் பக்கமே வரக்கூடாதுன்னுட்டாங்க.