ஞாயிற்றுக்கிழமைப் பதநீர்

அன்புத் தோழிக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். இங்கு யாவரும் நலம். உன் மூட்டுவலி எப்படியிருக்கிறது, பேத்தியின் பரீட்சை என்னவாயிற்று என்று இரண்டு வரியாவது எழுது. நாசரேத் போர்டிங்கில் என் பெட்டியிலிருந்த கருப்பட்டியை இரவோடிரவாகக் காலி செய்தவள், இப்போது காபியைக்கூட இனிப்பில்லாமல் குடிக்கிறாள் என்று உன் மருமகள் சொன்னபோது சிரிப்பதா வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

நம் விளையிலுள்ள (தோட்டத்திலுள்ள) பனைகளைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்டுவிட்டேன். உன் அண்ணன், என் வீட்டுக்காரர், கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு கலயம் கட்டாமலே நின்ற மரங்கள் அவை. செங்கல் சூளைக்கு மரம் வாங்குகிறவர் ஒருவர் இருமுறை வந்து விலை பேசினார். ஆட்சியரின் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-இலேயே அரசு அறிவித்திருக்கிறதே என்றதற்கு, அதையெல்லாம் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மகனும் விற்றுவிடச் சொல்லித்தான் தொலைபேசியில் பேசினான். நான் இசையவில்லை. கடைசியில் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்து, மரங்களைச் சுற்றிப் பார்த்து, பாட்டத் தொகையைப் பேசி முடித்து, திண்ணையை விட்டு எழுந்த பின்பு, “அம்மா, ஞாயிற்றுக்கிழமைப் பதநீரை என்ன செய்யணும்?” என்று கேட்டான். ஞாயிறன்று இறக்குவதை உன் அண்ணன் விற்கமாட்டார்கள் என்ற செய்தி சாத்தான்குளம்வரை போயிருக்கிறது! எனக்கு உடனே பதில் வரவில்லை. நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன்.

நீ டவுனிலேயே இருந்துவிட்டவள். ஆகையால் சற்று விரித்து எழுதுகிறேன். பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிவிட்டால்தான் அதில் பதநீர் ஊறும். சீவாமல் விட்டால் வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும், பிறகு அந்தப் பாளையில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. பனைக்கு ஓய்வுநாள் கிடையாது. மனிதனுக்கோ ஓய்வுநாளை ஆசரிக்கச் சொல்லும் நான்காம் கற்பனை, அந்தக் கட்டளை, இருக்கிறது. பங்குனியிலிருந்து ஆவணிவரை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உன் அண்ணன் நின்றார்கள். கல்யாணமான புதிதில் ஊர்ச் சபையின் போதகராயிருந்த பெரிய ஐயர், அவசியமான வேலையைச் செய்வது பாவமல்ல என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அதை அவர்கள் மறுக்கவில்லை. மரம் ஏறுவது அவசியந்தான், ஆனால் அதிலிருந்து காசு பார்ப்பது அவசியமில்லையே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இறக்கும் பதநீரில் ஒரு சொட்டும் எங்கள் அடுப்புக்கு வரவில்லை, விலைக்கும் போகவில்லை.

கேட்பதற்கு அழகாக இருக்கிறது அல்லவா? அடக்க ஆராதனையில் இதைச் சொல்லித்தான் எல்லாரும் அழுதார்கள். விடிலியில், அந்தக் காய்ச்சும் குடிசையில், புகை குடித்துக்கொண்டு கருப்பட்டி காய்ச்சியவள் நான். 10 லிட்டர் பதநீரை வற்றக் காய்ச்சினால் ஒன்றரைக் கிலோ தேறினாலே பெரிது. பொங்கி வழியும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு அடக்கி, பாகாகும் கூப்பனிப் பதம் தாண்டிக் கிண்டி இறக்கி, சிரட்டையில் ஊற்றி முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். அப்படிச் சேர்க்கும் வருமானத்தில் ஏழில் ஒரு பங்கை, ஞாயிற்றுக்கிழமைப் பதநீராக, அவர்கள் வேப்பமரத்தடியில் வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய வருடம் நான் வாய்விட்டே சண்டை போட்டேன். அவர்கள் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. மறுநாளே அடுத்த விளைக்காரரிடம் மேலும் சில மரங்களைக் கேட்டு வாங்கி ஏறத் தொடங்கினார்கள். ஏற்கெனவே 40 மரத்துக்குக் குறையாமல் காலையும் மாலையும் ஏறி இறங்குகிற உடம்பு அது. நான் கேட்டது அதுவல்ல என்பது அவர்களுக்கும் தெரியும். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை என்பதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

ஆனால் ஞாயிறுதோறும் நடந்ததை நீயும் பார்த்திருக்க வேண்டும். விடியுமுன் ஏறி முடித்து, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, முதல் மணி அடிக்கும்போதே ஆலயத்தில் இருப்பார்கள். திருவிருந்துக்குக் கை நீட்டும்போது நான் பக்கத்தில் முழங்காலிட்டுப் பார்த்திருக்கிறேன்: சுண்ணாம்பு தின்ற விரல் நுனிகள், மரமேறும் தளைநார் இழுத்து இழுத்துக் கறுத்த உள்ளங்கை, அந்த வெடிப்புகளின் மேல் ஐயர் வைக்கும் சின்ன அப்பத்துண்டு. ஆராதனை முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தின் அருகில் உட்கார்ந்து, ஓலையைப் பட்டையாக மடித்து, நுங்கு கிடைத்தால் அதையும் தோண்டிப் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் வார்த்துக் கொடுப்பார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் வருவார்கள், பேருந்தை நிறுத்திவிட்டு நடத்துநர் வருவார், வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் கூட்டமாக வருவார்கள். முருகனைக் கும்பிடப் போகிறவர்களுக்கு நம் ஓய்வுநாள் பதநீரா என்று சபையில் ஒருவர் கேட்டதற்கு, தேரி மணலில் நடந்து வருகிறவனுக்குத் தாகம் ஒன்றுதான் என்றார்கள். அவ்வளவு உறுதியாக அவர்கள் பேசி நான் கேட்டது குறைவு.

தொழிலிலும் அப்படியே. கள் இறக்கத் தடை வந்தது 1987-இல். அதற்கு முன்பே, இரட்டிப்பு விலை தருவதாக ஆள் வந்தும், பதநீர் புளித்துக் கள்ளாகாதபடி தம் கையாலேயே கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவினார்கள். பிற்காலத்தில் சீனியைக் கலந்து கருப்பட்டி என்று விற்பது பெருகியபோது, நம் சரக்கின் விலைதான் கட்டுப்படியாகவில்லை என்று வியாபாரிகள் ஒதுங்கினார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைச் செய்தித்தாளில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்து, தாளைக் கவனமாக மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சரி, அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பதிலைக் கேள். இரவெல்லாம் யோசித்தேன். அது உன் அண்ணன் ஆண்டவரோடு செய்துகொண்ட பொருத்தனை. அதைச் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடனில் தொழிலுக்கு வருகிற ஒருவன் தலையில் கட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்காக வேப்பமரத்தடியைச் சும்மா விடவும் முடியவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பதநீரை ஊர் விலைக்கு நானே வாங்கிக்கொள்கிறேன், அதைப் பாட்டத் தொகையில் கழித்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். இலவசமாகவே தருகிறேன் என்று அவன் பிடிவாதம் பிடித்தான், நான் விடவில்லை. கணக்குப் பார்த்தால் எனக்குக் கையில் நிற்பது சொற்பந்தான் என்று மகன் குறைப்படுகிறான். ஏழில் ஒரு பங்கு எவ்வளவு என்பதை அவனுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, அவன் படிப்பும் மீதி ஆறு பங்கில் நடந்ததுதான்.

இதில் நியாயம் எது என்று நீ நினைக்கிறாய்? ஐயரம்மா நான் செய்தது சரி என்கிறார்கள்; ஆனால் அவர்கள் யாரிடமும் சரி என்றுதான் சொல்வார்கள், உனக்குத்தான் தெரியுமே. உன்னிடமிருந்து தாட்சணியமில்லாத பதில் வேண்டும். நேரில் வந்து சொன்னால் இன்னும் நல்லது. ஓலைப் பட்டை மடிக்க எனக்கு ஆள் தேவை. உன் மூட்டுக்கு உட்கார்ந்து செய்கிற வேலைதான். வருவதானால் வைகாசி பிறக்குமுன் எழுதிவிடு, விசாக நெரிசலில் திருச்செந்தூர்ப் பேருந்து எதிலும் இடம் கிடைக்காது.

உன் அன்புத் தோழி