காரணம் தெரியாமல் புது பிஸ்டன் போடாதே

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் பையன் அனுப்பிய படங்களும் வந்து சேர்ந்தன. ஓய்வு பெற்ற பிறகும் ஓசூரிலேயே இருந்துவிடலாம் என்று நீயும் தங்கச்சியும் முடிவு செய்ததில் மகிழ்ச்சி. அந்த ஊர்க் குளிர்ச்சியை விட்டுவிட்டு இங்கே வந்து வெயிலில் காய வேண்டியதில்லை. வீட்டுச் சேதிகளைப் பிறகு எழுதுகிறேன். படங்களைப் பார்த்ததிலிருந்து மனம் பையனின் அந்த யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியையே சுற்றிவருகிறது. தொலைபேசியில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும். எழுதிவிட்டால் பையன் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம்.

ஒரு பட்டறையில் கொடுத்து ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு, மண் தடத்தில் சில நாள் பயிற்சி ஓட்டுவதற்குள் மறுபடியும் பிஸ்டன் சிலிண்டருக்குள் சிக்கிப் பிடித்துவிட்டது என்கிறாய். பிஸ்டன் தரமில்லை, வேறு கம்பெனி பிஸ்டன் வாங்கலாமா என்று பையன் கேட்கிறான். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்று சொல். முதல் பிஸ்டன் ஏன் பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. அதனால்தான் இரண்டாவதும் போனது. மூன்றாவதும் அதே வழியில் போகும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினைப் பிரிக்கிறவன் பழைய பாகங்களைக் கழுவுவதற்கு முன்னால் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சீமெண்ணெயில் முக்கி எடுத்துவிட்டால் பாதிச் சாட்சி அழிந்துபோகும்.

படத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பிஸ்டனின் சைலன்சர் பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உரசல். அலுமினியம் இழுபட்டு ரிங்கின் மேல் பூசி, ரிங் தன் காடியிலேயே அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கார்பரேட்டர் பக்கம் வேறு மாதிரி. அங்கே கீறல் இல்லை. பளபளப்பு முழுக்கப் போய், உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் மங்கிய சாம்பல் நிறம். இவை இரண்டு வெவ்வேறு நோய்கள். ஒன்று சூட்டால் வந்தது, மற்றது புழுதியால் வந்தது.

சூட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிளக் வெளுத்திருக்கிறது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் கொஞ்ச நேரம் கத்திவிட்டுத்தான் அடங்குகிறது என்று நீ போகிற போக்கில் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரி போதும். எங்கிருந்தோ காற்று எடுக்கிறது. இந்த இன்ஜினில் கிராங்க் கேஸ் வெறும் உறை கிடையாது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை இழுத்து, அழுத்தி, மேலே அனுப்புகிற பம்பு அதுதான். அதன் இரண்டு பக்கத்திலும் கிராங்க்கைச் சுற்றி ஆயில் சீல் இருக்கிறது. இடது பக்கம், மின்சாரம் தருகிற மேக்னட்டின் பின்னால் உள்ள சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். காற்று கூடி, பெட்ரோலும் அதோடு வருகிற எண்ணெயும் விகிதத்தில் குறைந்து, பிஸ்டன் சூடேறி வீங்கிப் பிடிக்கும். வலது பக்கம், கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உள்ளே இழுத்து எரிக்கும். சைலன்சரில் வெள்ளைப் புகை குறையவே குறையாது, கியர் ஆயில் மட்டம் மட்டும் இறங்கிக்கொண்டே வரும். உன் பையன் வண்டியில் போனது இடது பக்கச் சீல் என்றுதான் சந்தேகப்படுகிறேன். இன்ஜினை எப்படியும் பிரிக்கத்தான் போகிறான், இரண்டையும் மாற்றிவிடட்டும். சீலின் உதட்டில் கிரீஸ் தடவாமல் கிராங்க்கை நுழைக்கக் கூடாது.

மாற்றினால் மட்டும் போதாது, சோதித்தும் பார்க்க வேண்டும். பட்டறைகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிற வேலை இதுதான், எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. செலவே இல்லாத சோதனை. ரத்த அழுத்தம் பார்க்கிற பழைய கருவி ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். ரப்பர் பந்தும் கடிகார முகமும் உள்ள வகை. சிலிண்டரில் சைலன்சர் மாட்டுகிற வாயை ரப்பர் தகடு வைத்துத் திருகி அடைத்து, கார்பரேட்டர் மாட்டுகிற வாயையும் அடைத்து, பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றட்டும். முள் 300 வரை போகும். அது கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ. அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலே பிதுங்கிவிடும். ஆறு நிமிடம் முள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு பிஎஸ்ஐ, அதாவது முகத்தில் 50 அளவு இறங்கினால் இன்ஜினை வண்டியில் ஏற்றக் கூடாது. சோப்பு நுரையைத் தடவினால் எந்த இடம் என்று குமிழியே காட்டிக்கொடுக்கும். சீல், கேஸ் இணைப்பு, சிலிண்டர் அடி பேக்கிங், கலவையை உள்ளே மட்டும் விடுகிற ரீட் வால்வின் பேக்கிங் என எல்லா இடத்திலும் நுரை படட்டும்.

ரீட் வால்வைக் கழற்றும்போது இதழ்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொல். ஓரத்தில் ஒளிக்கீற்று தெரிந்தாலோ மூலையில் விரிசல் இருந்தாலோ மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது புழுதி. மண்ணில் ஓட்டுகிறவர்கள் இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். நாலு ஸ்ட்ரோக் வண்டியில் ஃபில்டரைத் தாண்டி வருகிற தூசு நேராக சிலிண்டருக்குப் போகும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் வழியாகத்தான் போயாக வேண்டும். பெரிய முனை பேரிங், மெயின் பேரிங், சின்ன முனை ஊசி பேரிங் எல்லாவற்றையும் அரைத்துவிட்டுத்தான் அது பிஸ்டனுக்கே வருகிறது. கார்பரேட்டர் பக்கத்துச் சாம்பல் நிறம் அதன் தடம். அதனால் பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் அசைத்துப் பார்க்கட்டும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். மேலும் கீழுமாக ஒரு இம்மி ஆட்டம் கையில் தட்டுப்பட்டாலும் ராடும் பின்னும் பேரிங்கும் சேர்ந்த ராடு கிட்டை மாற்றியாக வேண்டும். கிராங்க் பின்னைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி, மறுபடி ஏற்றி, இரண்டு முனையிலும் டயல் கேஜ் வைத்து நேர் பார்க்க வேண்டும். சுற்றும்போது வருகிற கோணல் 0.03 மி.மீ.க்குள் வர வேண்டும். சுத்தியலால் தட்டிக் கண்ணால் பார்த்துக் கொடுக்கிற இடத்தில் கொடுக்காதே.

ஃபில்டரைப் பொறுத்தவரை, சத்தத்துக்காகவும் தோற்றத்துக்காகவும் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் போடுவது இன்று பழக்கமாகிவிட்டது. மண்ணில் ஓடுகிற வண்டிக்கு அது விஷம். ஸ்பாஞ்சு ஃபில்டரை அதன் பெட்டியிலேயே வைத்து, ஓட்டிய ஒவ்வொரு நாளும் சீமெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, எண்ணெயில் நனைத்துப் பிழிந்து போட வேண்டும். விளிம்பைச் சுற்றி ஒரு வரி கிரீஸ். பிறகு கார்பரேட்டர் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பார்க்கட்டும். விரலில் நறநறவென்று மண் ஒட்டினால் ஃபில்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

இனி சிலிண்டர். பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகுதான் ரீபோருக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்ப வெட்ட வேண்டும். சிலிண்டர் விட்டத்தின் முதல் அளவு 50 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிற தூரமும் 50 மி.மீ., அதிலிருந்துதான் அந்த 98 சிசி. பெரிதாக்குவது 0.25 மி.மீ. படியாக. முடிந்தவரை சின்னப் படியிலேயே நிறுத்து, சிலிண்டருக்கு ஆயுள் மிச்சம் இருக்கும். வெட்டிய பிறகு போர்ட்டுகளின், அதாவது கலவையும் புகையும் போய்வருகிற சிலிண்டர் துளைகளின் விளிம்பு கத்திபோல் இருக்கும். அதை அரம் வைத்து மழுக்கிக் கொடுக்கச் சொல்லி நீயே நேரில் நின்று வாங்கு. மழுக்காத விளிம்பில் ரிங் மாட்டி உடைந்த சிலிண்டர்கள் பல பார்த்திருக்கிறேன். ரிங்கைத் தனியாக சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி அதன் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் அளக்கட்டும். மாட்டும்போது ரிங் முனைகள் காடியில் இருக்கிற சின்ன முள்ளின் இரண்டு பக்கமும் வர வேண்டும். ரிங் சுழன்று அதன் முனை போர்ட்டில் சிக்காமல் இருக்கத்தான் அந்த முள். பிஸ்டன் தலையில் உள்ள அம்பு சைலன்சரைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் பின்னின் லாக் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும். ஹோனிங் செய்து, அதாவது உட்சுவரைக் கல்லால் தேய்த்து வந்த சிலிண்டரை வெந்நீரும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவ வேண்டும். பெட்ரோலில் அலசினால் அந்தத் தேய்ப்புப் பொடி போகாது.

சைலன்சரையும் விட்டுவிடாதே. கரி அடைத்த சைலன்சரோடு எவ்வளவு நல்ல இன்ஜினும் மூச்சு வாங்கும். இந்தக் குழாயின் வடிவத்தில் எவ்வளவு மூளை இருக்கிறது என்பது உனக்கே தெரியும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலையில் வால்டர் காடன் என்ற பொறியாளர், குழாய்க்குள் அலைகள் போய்த் திரும்புவதைக் கணக்கிட்டு, சிலிண்டரை விட்டு வெளியே தப்பிய கலவையை அந்த அலையாலேயே உள்ளே தள்ளவைத்தார். 1961-இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்குப் பக்கம் தப்பி, அந்த அறிவோடு சுசுகிக்குப் போனார். அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. நாம் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று காதைப் பொத்திக்கொண்டு கேட்ட பந்தய வண்டிகளின் சத்தத்துக்குப் பின்னால் அந்த மனிதரின் கணக்கும் இருந்தது. சைலன்சர் கரியைச் சுரண்டும்போது பையனுக்கு இதைச் சொல், வேலையில் மரியாதை வரும்.

பந்தய வண்டிகளில், எண்ணெயைத் தானாகவே இன்ஜினுக்கு அனுப்புகிற ஆட்டோலூப் பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே 2டி ஆயில் கலப்பது பலருக்கும் வழக்கம். லிட்டருக்கு 30 மி.லி. நல்ல அளவு. பாதுகாப்புக்கு என்று 50 மி.லி. ஊற்றுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடுகிற சின்னத் துளையான ஜெட் வழியாக எண்ணெய் அதிகம் போனால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும், கலவை இன்னும் வறட்சியாகும். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவதும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1985-இல் வந்த இந்த இன்ஜினின் ஜெட் அதற்காகத் தேர்ந்ததல்ல. எத்தனாலில் ஆக்சிஜன் சேர்ந்தே வருவதால் மெயின் ஜெட்டை ஒரு படியோ இரண்டு படியோ ஏற்றி, பிளக் காபி நிறத்துக்கு வரும்வரை பார்க்க வேண்டும். வண்டி சில வாரம் நிற்கப் போகிறது என்றால் கார்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

நண்பர்களோடு ஊட்டிக்குப் போகப் போகிறான் என்று எழுதியிருந்தாயே, அதற்கும் ஒரு வார்த்தை. 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, கீழே சரியாக இருந்த ஜெட் அங்கே பெட்ரோலை அதிகமாக விட்டு, பிளக்கைக் கறுப்பாக்கும். அங்கே போய்ச் சின்ன ஜெட் மாற்றினால், இறங்குவதற்கு முன் பழைய ஜெட்டைப் போட்டுக்கொள்ளாமல் மேட்டுப்பாளையம் வரக் கூடாது. இன்னொன்று, எண்ணெய் கலந்து ஓட்டுகிற வண்டியில் ஆக்சிலேட்டரை மூடியபடி மலை இறங்கினால் இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும், எண்ணெய் மட்டும் போகாது. அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு இறங்கச் சொல்.

புது இன்ஜினைக் கிளப்பியதும் கத்தவிட வேண்டாம். மிதமாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, கை வைக்கும் அளவுக்கு முழுக்க ஆறவிட்டு, மறுபடி. மூன்று தடவை அப்படிச் செய்துவிட்டு ஹெட் நட்டுகளைக் குறுக்காக மறுபடி இறுக்கிப் பார்க்கட்டும். பிறகு அரை ஆக்சிலேட்டரில், ஒரே வேகத்தில் நின்றுவிடாமல் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டட்டும்.

உதிரிப்பாகம் வாங்குவதில் அவசரப்படாதே. 1996-இல் தயாரிப்பை நிறுத்திய வண்டி; இன்னும் ஆள் ஆளுக்குத் தேடுவதால் போலிகளுக்குக் குறைவில்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய அசல் கிராங்க் கிடைத்தால் அதையே சரிசெய்து போடலாம். முக்கியமாக அந்த அசல் கிராங்க் கேஸை யாரும் திருப்புளி விட்டு நெம்பிப் பிரிக்க விடாதே. இணைப்பு முகத்தில் ஒரு வடு விழுந்தால் அங்கேயும் காற்று எடுக்கும்.

வீட்டில் எல்லோரும் நலம். சின்னவளுக்குத் தை மாதம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஈரோட்டுப் பையன், நல்ல குடும்பம். தேதி குறித்ததும் அழைப்பேன். தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. வரும்போது கிராங்க்கையும் சிலிண்டரையும் பையில் போட்டு எடுத்து வா. சிங்காநல்லூரில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறையில் பிரஸ்ஸும் டயல் கேஜும் இருக்கின்றன. பக்கத்தில் நின்று வேலையை முடித்துக்கொண்டு போகலாம். பையனுக்கு விடுமுறை கிடைத்தால் அவனும் வரட்டும், கிராங்க் நேர் பார்ப்பதை அவன் ஒருமுறை கண்ணால் பார்ப்பது நல்லது. அதுவரை பிஸ்டன் வாங்க வேண்டாம்.

அன்புடன்,
பழனி