100 மதிப்புள்ளது 85-க்குன்னு போட்டீங்களே, அந்த மிச்ச 15 யார்கிட்ட இருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்க வணிகப் பக்கத்துல குளோஸ்டு எண்ட் ஃபண்ட் பத்தி வந்த கட்டுரையப் படிச்சேன். நடுவுல பெட்டி கட்டி "100 மதிப்புள்ள சொத்து 85-க்கு"ன்னு பெரிய எழுத்துல போட்டிருந்தீங்க. அன்னிக்கு சாயங்காலமே என் தங்கச்சி பையன் போன் பண்ணிட்டான், "மாமா, 15 பர்சன்ட் சும்மா குடுக்குறாங்களாம், போட்டுறவா"ன்னு. அவன்கிட்ட சொன்னத உங்களுக்கும் எழுதிடலாம்னு தோணுச்சு, ஏன்னா அவன மாதிரி எத்தன பேரு அந்தப் பெட்டிய மட்டும் படிச்சிட்டு கிளம்பியிருப்பாங்களோ.

கணக்கு தப்புன்னு சொல்லல. ஆனா அந்த மிச்ச 15-அ யாரு தருவாங்க, எப்ப தருவாங்கன்னு கட்டுரைல ஒரு வரி கூட இல்ல. தரணும்னு யாருக்கும் கட்டாயமே கிடையாதுங்க, அதான் விஷயமே.

சாதாரண மியூச்சுவல் ஃபண்ட்ல நீங்க காசு போட்டா புது யூனிட் உருவாகும், வெளிய வரணும்னா ஃபண்ட் கம்பெனியே என்ஏவி விலைக்கு, அதாவது ஒரு யூனிட்டுக்கு உள்ள இருக்க சொத்தோட மதிப்புக்கு, யூனிட்ட திருப்பி எடுத்துக்கும். குளோஸ்டு எண்ட்ல ஆரம்பத்துல ஒரு தடவ பப்ளிக் இஷ்யூ போட்டு இத்தன பங்குன்னு வித்துட்டு கவுண்டர மூடிருவாங்க. ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டுன தியேட்டர்னு வச்சுக்கோங்க, உள்ள போகணும்னா வாசல்ல டிக்கெட் வச்சிருக்கவன்கிட்டதான் வாங்கணும், வேணாம்னாலும் அங்கயே இன்னொருத்தன் தலைலதான் கட்டணும், டிக்கெட்ல என்ன விலை அச்சடிச்சிருக்குங்கறத எவனும் பாக்க மாட்டான். படம் ஹிட்டுன்னா பிளாக்ல போகும், ஊத்திக்கிச்சுன்னா பாதி விலைக்கும் ஆள் இல்ல.

அதனாலதான் ஒரே ஃபண்டுக்கு ரெண்டு நம்பர். ஒண்ணு என்ஏவி, அதாவது ஃபண்ட் வச்சிருக்க பங்கு, பாண்ட் (கடன் பத்திரம்) எல்லாத்தோட இன்னிக்கு மதிப்ப கூட்டி, கடன கழிச்சு, மொத்த பங்கு எண்ணிக்கையால வகுத்தா வர்றது. இன்னொண்ணு மார்க்கெட்ல ஓடுற விலை. என்ஏவி 20, விலை 17-ன்னா 15 பர்சன்ட் டிஸ்கவுண்ட். விலை 23-ன்னா 15 பர்சன்ட் பிரீமியம். இதுல புரியாதது ஒண்ணும் இல்ல.

புரிய வேண்டியது, இந்த இடைவெளி ஏன் தானா மூடிக்க மாட்டேங்குதுன்னு. இடிஎஃப்னு, பங்கு மாதிரியே மார்க்கெட்ல ஓடுனாலும் யூனிட்ட கூட்டிக் குறைக்க வழி இருக்க ஃபண்ட் உண்டு. அதுல விலையும் என்ஏவியும் கொஞ்சம் விலகுனா போதும், பெரிய புரோக்கர் கம்பெனிங்க மலிவா இருக்கத வாங்கி ஃபண்ட்கிட்ட குடுத்து உள்ள இருக்க பங்க எடுத்துட்டு வந்துருவாங்க, அந்த லாபத்துக்கு ஆசப்பட்டு அடிச்சு புடிச்சு மூடிருவாங்க. குளோஸ்டு எண்ட்ல அந்தக் கதவே இல்ல. 15 பர்சன்ட் டிஸ்கவுண்ட்ல நீங்க வாங்குனீங்கன்னா விக்கிற அன்னிக்கு அது 5 ஆகவும் இருக்கலாம், 25 ஆகவும் இருக்கலாம். ஒரு சின்னக் கணக்கு போட்டு பாருங்க. என்ஏவி 100 இருக்கப்ப 5 பர்சன்ட் டிஸ்கவுண்ட்ல 95-க்கு வாங்குறீங்க. மேனேஜர் நல்லாதான் ஓட்டுறாரு, என்ஏவி 110 ஆயிடுச்சு. ஆனா மார்க்கெட்டுக்கு மூடு சரியில்ல, டிஸ்கவுண்ட் 18 ஆயிடுச்சு. 110-ல 18 பர்சன்ட் போனா 90.20. ஃபண்ட் 10 பர்சன்ட் சம்பாதிச்சுது, உங்களுக்கு 5 பர்சன்ட் நஷ்டம். யார திட்டுறதுன்னு கூட தெரியாது.

மூடுன்னு சும்மா சொல்லல. அமெரிக்கால ஹெர்ஸ்ஃபெல்ட் கரீபியன் பேசின் ஃபண்ட்னு ஒண்ணு இருந்துச்சு, மார்க்கெட்ல அப்ப அதோட சுருக்கப் பேரு 'கியூபா'. பேருதான் அப்படி, கியூபாவோட ஒரு பங்கு கூட உள்ள கிடையாது, அங்க ஷேர் மார்க்கெட்டே இல்ல, அமெரிக்கச் சட்டப்படி போடவும் முடியாது. மாசக்கணக்கா 10-15 பர்சன்ட் டிஸ்கவுண்ட்லதான் கிடந்துச்சு. 2014 டிசம்பர்ல ஒபாமா கியூபாவோட உறவ சரி பண்ணப் போறோம்னு அறிவிச்சாரு. அவ்ளோதான், சில நாள்லயே 70 பர்சன்ட் பிரீமியம். உள்ள இருந்த பங்குகளோட மதிப்பு கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்துச்சு, ஜனங்க வாங்குனது பேர. பெர்லின் சுவர் விழுந்தப்ப ஜெர்மனி ஃபண்டுக்கும் இதே கூத்துதான், 1990 தொடக்கத்துல என்ஏவியப் போல ரெண்டு மடங்குக்கு போச்சு. கிட்டத்துலன்னா 2024 மார்ச்ல நியூயார்க்ல லிஸ்ட் ஆன டெஸ்டினி டெக்100, ஸ்பேஸ்எக்ஸ் மாதிரி அப்ப லிஸ்ட் ஆகாத கம்பெனி பங்குகள வச்சிருந்த ஃபண்ட், என்ஏவி 5 டாலர் வாக்குலதான், ஏப்ரல்ல விலை 100 டாலரத் தாண்டுச்சு. ஒரு டாலர் சொத்துக்கு 20 டாலர் குடுத்து வாங்குன மகராசங்களும் இருக்காங்க. அதுக்கும் முன்னாடி போனா 1928 டிசம்பர்ல கோல்ட்மேன் சாக்ஸ் டிரேடிங் கார்ப்பரேஷன்ங்கற குளோஸ்டு எண்ட் ஃபண்டோட பங்கு 104 டாலர்னு வித்தாங்க, 1932-ல அது 2 டாலருக்கும் கீழ.

டிஸ்கவுண்ட்டுக்கு நியாயமான காரணமே இல்லன்னு சொல்ல முடியாது. ஃபண்ட் வச்சிருக்க பாண்ட் எல்லாம் வருஷம் 5 பர்சன்ட் தருதுன்னு வைங்க, அதுல 1 பர்சன்ட் மேனேஜ்மென்ட் ஃபீஸ்னு எடுத்துட்டா வருமானத்துல அஞ்சுல ஒரு பங்கு காலி, அது வருஷா வருஷம் போயிட்டே இருக்கும், அப்ப 100 சொத்துக்கு எவன் 100 குடுப்பான். அப்புறம் லிஸ்ட் ஆகாத பங்கு, கட்டடம் மாதிரி சொத்துன்னா என்ஏவியே மூணு மாசப் பழசா இருக்கும். ஆனா இதையெல்லாம் சேத்து பாத்தாலும் டிஸ்கவுண்ட் ஏறி இறங்குறது முழுசா பிடிபடல. லீ, ஷ்லீஃபர், தேலர்னு மூணு பொருளாதார ஆராய்ச்சியாளருங்க 1991-ல ஒரு கட்டுரை எழுதுனாங்க, சின்ன முதலீட்டாளருங்களோட மனநிலைதான் இதுல பெரும்பங்குன்னு. எனக்கு அது சரின்னுதான் படுது. மறுத்தவங்களும் இருக்காங்க, அது தனிக் கதை.

இப்ப என் கதைக்கு வரேன், இது இல்லாம நான் இந்த லெட்டரே எழுதியிருக்க மாட்டேன். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு புது குளோஸ்டு எண்ட் ஃபண்ட் பப்ளிக் இஷ்யூல 20 டாலர்னு வாங்குனேன். வித்தவரு போன்ல "கமிஷனே இல்ல சார், நேரா கம்பெனிகிட்ட வாங்குறீங்க"ன்னாரு. முதல் என்ஏவி வந்தப்ப 19.10. விக்கிறவங்களுக்கான 4.5 பர்சன்ட், அதாவது 90 சென்ட், உள்ளயே எடுத்துட்டாங்க, ஆஃபர் டாக்குமெண்ட்ல அது இருக்கத்தான் செஞ்சுது, நான்தான் படிக்கல. ஆக ஒருத்தரும் ஒண்ணும் பண்றதுக்கு முன்னாடியே நான் பிரீமியத்துல வாங்குனவன். ஆறு மாசத்துல விலை 17 சொச்சம், என்ஏவி மட்டும் ஆடாம 19-லயே நிக்குது. அப்பத்தான் இந்த ரெண்டு நம்பர் விஷயமே எனக்கு உறைச்சுது. (2018-க்கு அப்புறம் வந்த பல இஷ்யூல அந்தச் செலவ ஃபண்ட் கம்பெனியே ஏத்துக்குது, அது நல்ல மாற்றம்தான், ஆனா அதுக்கப்புறம் டிஸ்கவுண்ட் வராதுன்னு அர்த்தம் இல்ல.)

கட்டுரைல "மாதாமாதம் 10 சதவீத வருமானம்"னும் (வருஷத்துக்கு 10, மாசா மாசம் பிரிச்சுங்கற அர்த்தத்துல) ஒரு இடத்துல இருந்துச்சு. இங்கதான் ரொம்பப் பேரு விழறது. டிஸ்கவுண்ட்ல வாங்குனா வருமானம் கொஞ்சம் கூடும்ங்கறது உண்மை, என்ஏவி மேல 6 பர்சன்ட் தர்ற ஃபண்ட 85-க்கு வாங்குனா உங்க கைக்கு 7-க்கு மேல வரும், இத நான் ஒத்துக்கறேன், இந்த ஃபண்டுகள்ல பிடிச்ச விஷயமே எனக்கு இதுதான். ஆனா ஃபண்ட் குடுக்குற காசு எல்லாம் ஃபண்ட் சம்பாதிச்ச காசு இல்ல. சில சமயம் நீங்க போட்ட முதல்லேர்ந்தே பிச்சு குடுப்பாங்க, ரிட்டர்ன் ஆஃப் கேப்பிட்டல்னு பேரு. அமெரிக்கால அப்படிக் குடுத்தா எங்கேர்ந்து குடுத்தோம்னு நோட்டீஸ் அனுப்பணும்னு விதியே இருக்கு. வரிக் கணக்குக்காக அப்படிப் பேரு வாங்குறதும் உண்டு, அதனால எல்லாமே மோசம்னு சொல்லல. என்ஏவி வருஷா வருஷம் தேஞ்சுக்கிட்டே வருதான்னு பாத்தா தெரிஞ்சுரும்.

இன்னொரு பகுதி வருமானம் கடன்லேர்ந்து வருது. 1940-ம் வருஷத்து அமெரிக்க இன்வெஸ்ட்மென்ட் கம்பெனி சட்டத்துப்படி 100 கடன் வாங்கணும்னா மொத்த சொத்து 300 இருக்கணும், கடனுக்குப் பதிலா பிரிஃபர்டு பங்கு, அதாவது டிவிடெண்ட்ல முன்னுரிமை இருக்க பங்கு, வித்து 100 திரட்டுனா 200 போதும். முதலீட்டாளர் காசு 100, கடன் 50, மொத்தம் 150-ன்னு வைங்க. சொத்து 20 பர்சன்ட் விழுந்தா 120, கடன் 50 போக மிச்சம் 70. இருபது விழுந்ததுக்கு உங்களுக்கு முப்பது அடி. 2022-ல அமெரிக்க வட்டி பூஜ்யத்துக்குப் பக்கத்துலேர்ந்து ஒரே வருஷத்துல 4 பர்சன்டத் தாண்டுனப்ப கடன் வாங்கி பாண்ட் வச்சிருந்த ஃபண்டுகளுக்கு ரெண்டு பக்கமும் இடி, பாண்ட் விலையும் விழுது கடன் வட்டியும் ஏறுது. போதாததுக்கு டிஸ்கவுண்ட்டும் விரிஞ்சுது.

அப்ப அந்த 15 வரவே வராதான்னா, வரும், யாராவது கதவத் திறந்தா. கிரேஸ்கேல் பிட்காயின் டிரஸ்ட்ட பாருங்க, சட்டப்படி அது குளோஸ்டு எண்ட் ஃபண்ட் இல்ல, ஆனா திருப்பிக் குடுக்குற வழி இல்லாததால அதே மாதிரிதான் நடந்துக்குச்சு. 2022 டிசம்பர்ல கிட்டத்தட்ட பாதி விலை. 2024 ஜனவரில இடிஎஃப்பா மாத்துனாங்க, டிஸ்கவுண்ட் காணாமப் போச்சு. ஃபண்ட கலைச்சு காச பிரிச்சுக் குடுத்தாலும் இதேதான். பைபேக் பண்ணாக்கூட கொஞ்சம் கிடைக்கும், என்ஏவி 10-ல 100 பங்கு இருக்க ஃபண்ட் 8 வீதம் 10 பங்கத் திருப்பி வாங்குனா 920 சொத்து 90 பங்குக்கு, ஒண்ணு 10.22. ஆனா மேனேஜருக்கு ஃபீஸ் சொத்து மேல, தன் சம்பளத்தத் தானே குறைச்சுக்க எவரு ஓடி வருவாரு. அதான் வெளியிலேர்ந்து ஆக்டிவிஸ்ட் ஃபண்டுங்க பங்கு வாங்கிக் குவிச்சு போர்டோட சண்டை போடுறது, அதுவும் எப்பவும் ஜெயிக்காது, 2025 தொடக்கத்துல சபா கேப்பிட்டல்ங்கற ஆக்டிவிஸ்ட் ஃபண்ட் பிரிட்டன்ல ஏழு டிரஸ்டுகளோட (அங்க குளோஸ்டு எண்ட் ஃபண்டுக்கு அப்படித்தான் பேரு) போர்ட மாத்தணும்னு இறங்குச்சு, ஏழுலயும் பங்குதாரருங்க வேணாம்னு ஓட்டு போட்டுட்டாங்க.

இந்த அமைப்பே மோசம்னு நான் சொல்றதா நினைக்க வேணாம். லண்டன்ல 1868-ல ஆரம்பிச்ச ஃபாரின் அண்ட் கலோனியல் டிரஸ்ட் இன்னிக்கும் மார்க்கெட்ல ஓடுது. ஜனங்க பயந்து காசக் கேட்டாலும் மேனேஜரு அடிமாட்டு விலைக்கு விக்க வேண்டியது இல்ல, அது இந்த ஃபண்டுக்கு பெரிய பலம். ஆனா பயந்து விக்கிறவனோட நஷ்டம் எங்கயாவது போய்த்தான ஆகணும், அது டிஸ்கவுண்ட்ல போய் உக்காந்துக்குது.

ஒரு வேண்டுகோள். நீங்க வாராவாரம் போடுற ஃபண்ட் பட்டியல்ல விலை மட்டும்தான் இருக்கு. பக்கத்துல என்ஏவி, கடந்த மூணு வருஷ சராசரி டிஸ்கவுண்ட், கடன் எவ்ளோங்கற மூணு நம்பரையும் சேத்துப் போடுங்க. 15 பர்சன்ட் டிஸ்கவுண்ட்னு பாத்ததும் குதிக்கிறவன் மூணு வருஷமா சராசரியே 16-ன்னு பாத்தா கொஞ்சம் நிப்பான். இடம் இல்லன்னா ராசிபலன்லேர்ந்து நாலு வரி எடுத்துக்கோங்க.

இப்படிக்கு,
பல வருஷமா உங்க பேப்பர் வாங்குற ஒரு வாசகன்