பீலிக்கு மேலே நிற்கும் மரங்கள்: தோட்ட முகாமைகளுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத்தின் தோட்டத் துரைமாருக்கும், மரம் வெட்டும் ஒப்பந்தங்களில் கையொப்பமிடும் கம்பனிகளுக்கும்,

வணக்கம். ஓடைக்கரையிலும், தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேற்புறத்திலும் நிற்கும் மரங்களுக்கு இலக்கமிட்டு விற்கிறீர்கள். எத்தனை கன அடி பலகை தேறும் என்ற கணக்கு உங்களிடம் இருக்கிறது. அதே மரங்கள் பார்க்கும் மற்ற வேலையின் கணக்கு இது.

மரம் வெட்டிய அன்று மலை சரிவதில்லை. சிக்கலே அதுதான். செத்த வேரும் ஓரிரு வருடம் மண்ணைப் பிடித்திருக்கும். பிறகு உக்கும். வெட்டிய 3 முதல் 10 வருடங்களுக்குள்தான் சரிவின் பிடி மிகவும் தளர்ந்திருக்கும். புதுக் கன்றின் வேர் அதற்குள் ஆழம் போயிராது. உக்கிய வேர் விட்ட துளைகளால் மழைநீர் நேரே அடிமண்ணுக்கு இறங்கி, பாறைக்கு மேல் தேங்கி, மண்ணை உள்ளிருந்தே இளக்கும். சரியும் நாளில், வெட்டச் சொன்ன துரை வேறு தோட்டத்தில் இருப்பார்.

லயத்தார் ஊற்று நீர் பிடிக்கும் பீலியின் தண்ணீரும் இந்த மரங்களின் கணக்கில்தான் வருகிறது. உக்கிய இலைப்படுக்கை மழையை வாங்கி மெல்ல உள்ளே விடுவதால்தான் மாசி, பங்குனியிலும் பீலி வற்றாமல் ஓடுகிறது. 5,000 அடிக்கு மேலுள்ள காட்டில் மூடுபனியும் இலையில் படிந்து சொட்டும்; மழைமானியில் ஏறாத நீர் அது. அந்த உயரத்துக்கு மேல் காடழிக்க வேண்டாமென்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இலேயே ஆலோசனை சொன்னார். கோப்பிக்காக மலையை மொட்டையடித்த காலத்திலேயே புரிந்த விஷயம்!

வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால், ஊற்றுக் கண்ணைச் சுற்றி 20 மீற்றரையாவது தொடாதீர்கள். அங்கே டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) நடவும் வேண்டாம், அது ஊற்று நீரையே உறிஞ்சும். அங்கே காட்டு நாவல், கீன போன்ற உள்நாட்டு மரங்களும், ஓடையோரத்துக்கு மூங்கிலும் நல்லது. மற்ற இடங்களில் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். புதுக் கன்றுகளை முதலே நட்டு, 4 வருடமாவது வளரவிட்டுப் பழைய மரங்களை வெட்டுங்கள். அடிக்கட்டையைத் தோண்டாதீர்கள். மேற்குச் சரிவில் தை முதல் மாசி வரை வெட்டலாம். ஊவாப் பக்கம் கச்சான் காற்றடிக்கும் ஆனி, ஆடியில்.

மழைநீர் வடியும் கான் வெட்டுவதிலும் பிழை நடக்கிறது. 120 அடிக்கு 1 அடி சரிவு போதும். கூடினால் கானே பள்ளமாக அரிக்கும். குறைந்தால் தேங்கி உடைக்கும். அள்ளும் வண்டலைக் கீழ்விளிம்பில் குவிக்காமல் மேலே தேயிலையடியில் பரப்புங்கள். நிலத்தில் வெடிப்பு கண்ட சரிவில் மட்டும் கானுக்குள் தடுப்பு வைக்காதீர்கள். அங்கே தண்ணீரைத் தேக்காமல் வெளியே கடத்தி, வெடிப்பைக் களிமண்ணால் இறுக்கி அடைக்க வேண்டும்.

2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவில் மண்ணுக்குள் போன லயங்களையும், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலையும் எவரும் மறக்கவில்லை. மழைமானி பங்களாவிலும் தொழிற்சாலையிலும் மட்டும் இருந்தால் போதாது. லயத்துக்கு ஒன்று வையுங்கள். நேர்ப்பக்கமுள்ள தகர டின்னும் அடிமட்டமும் போதும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். ஆனால் பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, நின்றுபோனாலோ, லயக் கதவுகள் இறுகினாலோ, டின்னைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த நேரமே ஆட்களை லயத்திலிருந்து வெளியேற்றுங்கள், இரவு என்றாலும்.

இப்படிக்கு,
மலையகத்தில் மண், நீர்ப் பாதுகாப்பு வேலை செய்வோர்