நோட்டில் இல்லாத கட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இவ்வளவு கஷ்டத்திலும் ஏன் இன்னும் விவசாயத்தை விடாமல் இருக்கிறார்கள் என்று சென்ற இதழ்க் கட்டுரை கேட்டிருந்தது. மண் வாசனை, பசுமை, நிம்மதி என்று பதிலையும் அதுவே சொல்லிவிட்டது. கேள்வி சரி. பதிலில்தான் எனக்குச் சண்டை.

நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். அலுவலகம் ஒரு பக்கம், அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் ஒரு பக்கம் என்று முப்பது வருடம் ஓட்டினேன். ஓய்வு பெற்ற பிறகு முழு நேரமும் நிலத்தில்தான்.

மண் வாசனையை முதலில் முடித்துவிடுகிறேன். காய்ந்த மண்ணில் மழை விழும்போது கிளம்பும் அந்த வாசனைக்கு 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் அதில் முக்கியமான பொருள். துளியிலும் துளியாக இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். பத்தாவது மாடியில் குடியிருப்பவருக்கும் அதே மூக்குதானே! அவர் ஜன்னலைத் திறந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். அறுத்த கதிர் களத்தில் கிடக்கும் நேரத்தில் அதே வாசனை வந்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

நிம்மதி என்பதும் தூரத்திலிருந்து பார்க்கிறவர் சொல்வது. சுரங்கம், கட்டுமானம் இரண்டோடும் சேர்த்து, மிக ஆபத்தான தொழில்களில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு விவசாயத்தைச் சொல்கிறது. டிராக்டர் கவிழும், பூச்சிமருந்து உள்ளே போகும், வெயில் ஆளைச் சாய்க்கும். கறவை மாடு இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. காய்ச்சல் அடித்தாலும் காலையும் மாலையும் கறந்தாக வேண்டும்.

அப்புறம் எதுதான் இழுக்கிறது? அலுவலகத்தில் நான் எழுதி முடித்த பேரேடுகளில் ஒரு பக்கம்கூட இன்று நினைவில் இல்லை. ஆனால் எந்த மூலையில் வரப்பு உடையும், எங்கே தண்ணீர் தேங்கும், எந்தத் துண்டில் விதை பிந்தி முளைக்கும் என்று இருட்டில்கூடச் சொல்வேன். பசு சினைப்பட்டால் ஏறக்குறைய 280 நாள் காத்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் தூக்கம் கெடுகிற நேரம் பார்த்துத்தான் ஈனும். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். கன்று விழுந்து விழுந்து, ஒரு மணி நேரத்துக்குள் நாலு காலில் நின்றுவிடுகிறது. 'நான் இல்லாவிட்டால் இது நடக்காது' என்ற நினைப்பு அப்போது வரும். அது முழு உண்மை இல்லை, பசுவுக்குத் தெரியும். ஆனால் அலுவலகத்தில் முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட எனக்கு அந்த நினைப்பு வந்ததில்லை.

இன்னொன்று, போகம் முடிந்ததும் நிலம் வெறுமையாகக் கிடக்கும். போன தடவை செய்த தப்பைத் திருத்த அடுத்த போகம் இருக்கிறது. பிந்தி விதைத்தேனா, இந்த முறை முந்துகிறேன். சூதாடியும் இப்படித்தான் பேசுவான் என்று என் மனைவி சொல்வாள். மறுக்க முடியவில்லை. கடன் மட்டும் போகத்தோடு முடிவதில்லை.

இந்த இழுப்பைப் புகழ்ந்து எழுதும்போது எனக்குப் பயம் வருவது ஒரே ஒரு காரணத்தால். என் வரவு செலவு நோட்டில் விதை, உரம், உழவுக் கூலி, ஆள் கூலி என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. என் உழைப்புக்கும் என் மனைவியின் உழைப்புக்கும் கட்டம் இல்லை. அப்பாவின் நோட்டிலும் இருந்ததில்லை. ஒரு வருடம் விளையாட்டாக அதையும் சேர்த்துப் பார்த்தேன். லாபம் என்று நினைத்திருந்தது நஷ்டமாகிவிட்டது. உலகில் 60 கோடிக்கும் மேற்பட்ட பண்ணைகள் இருக்கின்றன, ஆறில் ஐந்து 2 ஹெக்டேருக்கும் குறைவு. பெரும்பாலும் குடும்பமே பாடுபடுகிற நிலங்கள். 2019 முதல் 2028 வரை குடும்ப விவசாயப் பத்தாண்டு என்று ஐ.நா. அறிவித்திருக்கிறது, நல்லது. ஆனால் குடும்ப விவசாயம் என்றால் பாதி, சம்பளம் எழுதாத விவசாயம் என்றுதான் அர்த்தம். தொழிலை நேசிக்கிற மருத்துவரிடம் 'நேசம் இருக்கிறதே, கட்டணம் எதற்கு' என்று யாரும் கேட்பதில்லை. விவசாயியிடம் மட்டும் மண் மேல் உள்ள பாசத்தையே விலையில் கழித்துக்கொள்கிறார்கள்.

அடுத்த முறை உங்கள் நிருபர் ஒரு விவசாயியைச் சந்தித்தால், ஏன் விடவில்லை என்று கேட்பதற்கு முன் அவருடைய நோட்டை வாங்கிப் பார்க்கட்டும். அந்தக் கட்டம் இருக்கிறதா என்று பார்த்து எழுதட்டும்.

என் நோட்டைப் போன வாரம் மகள் எடுத்துப் பார்த்தாள். கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "இந்த வருஷமும் போடப்போறீங்களாப்பா?" என்றாள். பார்க்கலாம் என்றேன். விதை அதற்கு முதல் நாள் ராத்திரியே ஊறப் போட்டாகிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்