வேலை நேரத்தை முதலில் சொல்லுங்கள், வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்

கழக்கூட்டம் வட்டாரத்துத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறையிலிருந்து அன்றாடம் திருவனந்தபுரம் கழக்கூட்டத்துக்கு வந்து வேலை பார்த்துத் திரும்பும் ஒரு பணியாளர் எழுதும் மடல் இது. உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் பலர் உண்டு என்பதை அறிவேன். தெரியாதவர்களுக்கு, பக்கத்து இருக்கையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை, நான் வேலை செய்யும் நிறுவனத்தில் ஒரு பிரிவினர் அனைவருக்கும் மின்னஞ்சல் ஒன்று வந்தது. காலை 8.30 முதல் மாலை 5.30 வரை இருந்த வேலை நேரம், அடுத்த திங்கட்கிழமை முதல் காலை 11 மணியிலிருந்து இரவு 8 மணி வரை என்று மாற்றப்படுவதாக அதில் இருந்தது. வாடிக்கையாளரின் தேவை என்பதற்கு மேல் விளக்கம் எதுவும் இல்லை. இடையில் இருந்தவை வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்றே நாட்கள். இதைப் போன்ற மின்னஞ்சல்கள் வேறு நிறுவனங்களிலும் வருகின்றன என்பதை ரயிலில் உடன் வருபவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே ஒரு நிறுவனத்தை மட்டும் குறை கூறாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அந்தப் பிரிவில் கருங்கல் பக்கத்திலிருந்து வரும் இளம்பெண் ஒருவர் இருக்கிறார். கல்லூரி முடித்ததும் கிடைத்த முதல் வேலை. கையில் வரும் சம்பளம் மாதம் இருபத்திரண்டாயிரம் ரூபாய். வேலை உத்தரவு வந்தபோது அவருடைய வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். கழக்கூட்டத்திலேயே ஒரு படுக்கையறை கொண்ட வீட்டை எடுத்து அம்மாவையும் அழைத்துக்கொண்டால் வாடகை பன்னிரண்டாயிரம், அட்வான்ஸ் ஐம்பதாயிரம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடும். முதல் சம்பளம் வருவதற்கு முன்பே அறுபதாயிரத்துக்கு மேல் கடன் வாங்க வேண்டும். ஸ்ரீகாரியம், போத்தன்கோடு, கணியாபுரம் என்று தள்ளிப் போனால் வாடகை சற்றுக் குறையும். குறைந்ததில் ஒரு பகுதியை ஆட்டோவும் பேருந்தும் திரும்ப எடுத்துக்கொள்ளும். பெண்கள் விடுதியில் தங்கினால் செலவு குறையும், ஆனால் ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடும் அம்மா ஊரில் தனியாக இருக்க வேண்டும். கடைசியில், 5.30 மணிக்கு வேலை முடிந்துவிடும் என்ற ஒரே உறுதியை நம்பி, ரயிலில் போய்வருவது என்று முடிவு செய்தார்கள். சீசன் டிக்கெட் எடுத்தார், இணைப்புப் பேருந்துகளின் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டார், அம்மாவின் மருத்துவரைச் சனிக்கிழமைகளில் பார்ப்பதாக ஏற்பாடு செய்துகொண்டார்.

அந்த முடிவு தவறு என்று யாரும் சொல்ல முடியாது. கொடுத்த தகவலை வைத்து ஒரு குடும்பம் எவ்வளவு நிதானமாக முடிவெடுக்க முடியுமோ அவ்வளவு நிதானமாக எடுத்த முடிவு அது. அந்தத் தகவலைத்தான் நிறுவனம் மூன்று நாளில் மாற்றிவிட்டது.

இப்போது அவருடைய இரவு எப்படிப் போகிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும். எட்டு மணிக்கு வேலையை முடித்துக் கிளம்பினால், கழக்கூட்டத்தில் எல்லா ரயிலும் நிற்பதில்லை என்பதால், பேருந்தில், திருவனந்தபுரத்தின் முக்கிய ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் உள்ள தம்பானூர் போய்ச் சேர ஒன்பது ஆகிவிடுகிறது. தோதான ரயில் போயிருந்தால் மாநில எல்லையில் உள்ள களியக்காவிளைக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். அது நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று நின்று நின்று வந்து எல்லையில் இறக்கிவிடும்போது பத்தரை மணியைத் தாண்டிவிடும். பகலில் என்றால் அங்கிருந்து தமிழ்நாட்டு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த நேரத்தில் அந்தப் பேருந்தை நம்ப முடியாது. ஆகையால் அவருடைய அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு களியக்காவிளைக்கு வந்து காத்திருக்கிறார். அந்த அண்ணன் விடியற்காலை நாலு மணிக்கு ரப்பர் பால் வெட்டப் போகிறவர். அலுவலகத்தில் சாப்பிட நேரமில்லாத நாட்களில், காலையில் கட்டிக் கொண்டுவந்த இரண்டாவது டப்பாவைத் திறந்து, ஓடும் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பாலராமபுரம் சந்திப்பில் பேருந்து நகராமல் நிற்கும் நேரம்தான் அவருக்குச் சாப்பாட்டு நேரம், ஏனென்றால் அப்போதுதான் பேருந்து குலுங்காது.

கேரளக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தில் 2018-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், இரவு 9 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு அமர்த்தினால் அவர்களுடைய பாதுகாப்புக்கும் அவர்கள் வீடு திரும்பும் வாகனத்துக்கும் நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. 8 மணிக்கு முடியும் வேலைக்கு அந்தப் பொறுப்பு வருவதில்லை. சட்டத்தின் கோட்டுக்கு உள்ளேதான் நிறுவனம் நிற்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் 9 மணிக்குத் தம்பானூரில் நிற்கிறார், பத்தரைக்கு எல்லையில் நிற்கிறார் என்பது உங்கள் பிரிவுக்குத் தெரியும். பணியாளரின் முகவரி உங்கள் கோப்பில்தான் இருக்கிறது.

“அப்படியானால் பக்கத்தில் வீடு எடுத்துக்கொள்ளலாமே, சம்பளத்தில் வீட்டு வாடகைப் படி இருக்கிறதே” என்பது உங்கள் அலுவலகங்களில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது மரியாதையாகவே சொல்லப்படுகிறது. இருந்தாலும் கேட்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. வீட்டு வாடகைப் படி என்பது சம்பளத்துக்கு மேல் நீங்கள் தரும் பணம் அல்ல. பேசிய மொத்தச் சம்பளத்தைப் பல வரிகளாகப் பிரித்துக் காட்டும்போது அதில் வரும் ஒரு வரி. பழைய வருமான வரி முறையில் அதற்கு விலக்கு உண்டு. அதிலும் சென்னை போன்ற பெருநகரங்களுக்குச் சம்பளத்தில் 50 விழுக்காடு வரை என்றால் திருவனந்தபுரத்துக்கு 40 விழுக்காடுதான் உச்சவரம்பு. 2023-24 நிதியாண்டு முதல் தானாகவே பொருந்தும் புதிய முறையில் அந்த விலக்கே கிடையாது. வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத புதுப் பணியாளருக்கு இரண்டு முறையிலும் ஒரு ரூபாய் பயன் இல்லை.

வீடு எடுத்தவர்களின் நிலைமையும் இதே கதிதான். வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு எழுதப்படுகிறது. ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த வழக்கம் அது. இடையில் காலி செய்தால் அட்வான்ஸில் பிடித்தம் நடக்கும். கழக்கூட்டத்தில் நடந்து போகும் தூரத்துக்காகவே கூடுதல் வாடகை கொடுத்து வீடு எடுத்த ஒருவரை, ஒப்பந்தம் பாதி ஓடுவதற்குள் பள்ளிப்புறம் பக்கம் உள்ள வளாகத்துக்கு மாற்றுகிறீர்கள். அவர் வாங்கியது தூரத்தை. அந்தத் தூரத்தை நீங்கள் எடுத்துவிட்டீர்கள், வாடகை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது ஒன்றே. வேலை உத்தரவில் வேலை செய்யும் வளாகம், வாரத்தில் அலுவலகம் வர வேண்டிய நாட்கள், வேலை நேரம் ஆகிய மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். முதல் பதினொரு மாதங்களுக்கு அவற்றை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்லுங்கள், அல்லது இடம் மாறும் செலவையோ வாகனத்தையோ நிறுவனம் ஏற்கட்டும். “நிறுவனத்தின் தேவைக்கேற்ப மாற்றத்துக்கு உட்பட்டது” என்ற ஒரு வரியை எழுதிவிட்டு, அதன் முழுச் சுமையையும் இருபத்திரண்டாயிரம் வாங்கும் பிள்ளையின் தலையில் வைப்பது நியாயம் அல்ல.

ரயில் உங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். 1979-இல் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. இரட்டைப் பாதைப் பணி இன்னும் முழுமை பெறாமல், எதிரே வரும் வண்டிக்காகக் கிராசிங்கில் காத்துக் கிடப்பது எங்கள் அன்றாடம். சாலையைச் சொன்னால் பாலராமபுரம் ஒன்றே போதும். 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் எங்கள் பிள்ளைகளின் படிப்பும் மருத்துவமும் வேலையும் பெரிய அளவில் திருவனந்தபுரத்தை நம்பியே இருக்கின்றன. ஆனால் இரண்டு மாநிலங்களின் பேருந்துகளும் களியக்காவிளையை ஊரின் முடிவாகத்தான் நினைக்கின்றன. எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர் எந்த அரசின் கணக்கிலும் முழுமையாக வருவதில்லை. இவற்றைத் தீர்க்கும்படி உங்களைக் கேட்பது முறையல்ல. அதற்கு வேறு இடங்களில் மனுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் ரயிலும் சாலையும் இப்படித்தான் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப வேலை நேரத்தை வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. 11 மணி முதல் 8 மணி வரை என்பதைத் தொலைவிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் 9 முதல் 6 என்று வைத்துக்கொள்ள முடியுமா என்று வாடிக்கையாளரிடம் ஒரு முறையாவது கேட்கப்பட்டதா என்பதை அறிய விரும்புகிறேன்.

கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் என்ற தொழில்நுட்பப் பூங்கா 1990-இல் தொடங்கியபோது, வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று எங்கள் பக்கத்துப் பெற்றோர் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி வீண் போகவில்லை. இந்த வேலையால் கடன் அடைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். நன்றி மறந்து எழுதவில்லை. குறைந்த சம்பளத்தைப் பற்றிக்கூட இந்த மடலில் நான் பேசவில்லை. அது வேறு வழக்கு.

இன்னும் சில வாரங்களில் கல்லூரி முடித்து வரும் அடுத்த அணிக்கு வேலை உத்தரவுகள் அனுப்புவீர்கள். அந்தக் கடிதங்களிலேயே வளாகமும் நாட்களும் நேரமும் எழுதப்பட்டிருக்க வேண்டும், பதினொரு மாதத்துக்கு மாறாது என்ற உறுதியும் இருக்க வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்ன பிரிவினருக்கு, புதிய வேலை நேரத்தை மூன்று மாதம் தள்ளிவைத்து, அதற்குள் வீடு பார்க்க விரும்புகிறவர்களுக்கு அட்வான்ஸ் தொகையைச் சம்பளத்தில் சிறுகச் சிறுகப் பிடித்துக்கொள்ளும் முன்பணமாகத் தர முடியுமா என்பதையும் பரிசீலியுங்கள். உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

மரியாதையுடன்,
குழித்துறையிலிருந்து வந்து செல்லும் ஒரு பணியாளர்